வடிவமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நம் பணியை எப்படி எடுத்துரைப்பது?

மைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். நான் சில ஆண்டுகளாக அச்சுத் துறையில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மருந்துப் பெட்டிகள், பயன்பாட்டுக் கையேடுகள், ஆண்டறிக்கைகள் ஆகியவையே என் அன்றாட வேலை. இப்போது செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் இடைமுகம் வடிவமைக்கும் பணிக்கு மாற விரும்புகிறேன். திரைகளை வடிவமைக்க உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளைப் பழகிவிட்டேன், தெரிந்தவர் ஒருவரின் சிறு நிறுவனத்துக்காக முன்பதிவுச் செயலி ஒன்றின் திரைகளையும் வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் பெரும்பாலானவற்றிலிருந்து பதில் இல்லை. வந்த ஒன்றிரண்டு பதில்களும் "உங்கள் பணிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் இந்தப் பொறுப்புக்குப் பொருந்தவில்லை" என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. என் போர்ட்ஃபோலியோவில், அதாவது பணித் தொகுப்பில், 18 பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பும் சில முழுப்பக்கப் படங்களும் மட்டுமே இருக்கின்றன. ரெஸ்யூமேயை இடம், வலம் என அருகருகே இரண்டு பத்திகளாகப் (நெடுவரிசைகளாகப்) பிரித்து, மென்பொருள் திறன்களைப் பட்டைகளால் காட்டியிருக்கிறேன். இரண்டின் இணைப்புகளையும் கீழே கொடுத்துள்ளேன். அச்சுப் பணிகளை நீக்கிவிட வேண்டுமா? தேர்ந்தெடுப்பவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

நெடுங்கணக்கு:

வணக்கம் நண்பரே. வடிவமைப்புக் குழு ஒன்றுக்குப் பொறுப்பு வகித்து, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணியையும் நெடுங்காலமாகச் செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தொகுப்பை முழுவதும் பார்த்தேன். கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை; எழுத்துருத் தேர்வும் வரி இடைவெளியும் தேர்ந்த கை என்பதைக் காட்டுகின்றன. ஆனால் 18 பணிகளையும் பார்த்து முடித்த பிறகும், அவற்றில் நீங்கள் முடிவு செய்தது எது, வாடிக்கையாளர் சொன்னபடி செய்தது எது, மேலாளர் வரைந்து கொடுத்ததை நிறைவு செய்தது எது என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். அழகான படத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படம் ஏன் அப்படி அமைந்தது என்பதை வடிவமைத்தவர் சொன்னால்தான் அறிய முடியும், அதைத்தான் நீங்கள் எங்கும் சொல்லவில்லை.

உங்கள் மருந்துப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மருந்து 250 மி.கி., 500 மி.கி. என இரண்டு அளவுகளில் வருகிறது. அளவைக் குறிக்கும் எண் மருந்தின் பெயருக்கு இணையான உயரத்தில் இருக்கிறது. இரண்டு பெட்டிகளின் நிறமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கிறது. பெட்டியின் மூடும் மடிப்பிலும் அதே எண் திரும்ப வருகிறது. இவை தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் "மருந்துப் பெட்டி வடிவமைப்பு" என்ற மூன்று சொற்கள் மட்டுமே உள்ளன. இதன் பின்னணியை இங்கே, சாதாரணமாகப் பேசுவது போலவே, எழுதிக் காட்டுங்கள். அச்சுப் பணிகளை நீக்குவதா என்பதை அதன் பிறகு பேசலாம்.

தேர்வுமேசை:

நான் மனிதவளப் பிரிவில் இருப்பவள், வடிவமைப்பாளர் அல்லள். ஆனாலும் விண்ணப்பங்களை முதலில் திறந்து பார்ப்பது என்னைப் போன்றவர்களே. ஆகவே ரெஸ்யூமே குறித்து மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முயன்றேன், முடியவில்லை. எழுத்துகள் அனைத்தையும் வரைகோடுகளாக மாற்றிய பிறகு ஏற்றுமதி செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துரு மாறிவிடாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம் என்று எங்கள் வடிவமைப்பாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் விண்ணப்பங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளுக்கு அந்தக் கோப்பில் ஒரு சொல்கூடக் கிடைக்காது. பின்னர் யாராவது "இடைமுகம்" என்றோ "ஃபிக்மா" என்றோ தேடினால் உங்கள் பெயர் வராது. மென்பொருளே ஆட்களை நிராகரித்துவிடுகிறது என்று பலரும் அஞ்சுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் நடப்பது வேறு: தேடும் மனிதரின் கண்ணில் விண்ணப்பம் படாமலே போய்விடுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்கள் பிடிஎஃப்பில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடு போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியது மேலிருந்து கீழாக வாசிக்கும் வரிசையில் வந்தால் நல்லது. இடப்பத்தியின் ஒரு வரியும் வலப்பத்தியின் ஒரு வரியும் மாறி மாறி வந்தால், ஒற்றைப் பத்திக்கு மாறுவதே பாதுகாப்பானது.

அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆட்சேர்ப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ரெஸ்யூமேயை முதல் முறை மேலோட்டமாகப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 7.4 நொடி என்று குறிப்பிட்டது. அவர்கள் அதற்குமேல் எதையும் படிப்பதில்லை என்று இதற்குப் பொருளில்லை. மேற்கொண்டு படிக்கலாமா என்று முடிவு செய்யும் நேரம் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் நான் தேடுவது உங்கள் தற்போதைய பொறுப்பு, அதற்கு முந்தைய பொறுப்பு, காலம், போர்ட்ஃபோலியோவின் இணைப்பு ஆகியவற்றையே. உங்கள் ரெஸ்யூமேயில் இணைப்பு பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், சொடுக்க முடியாத நிலையில் இருக்கிறது. அதைப் பெயருக்குக் கீழே கொண்டு வாருங்கள்.

ஓரவெளி:

தேர்வுமேசை அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திறன் பட்டைகளை உடனே நீக்கிவிடுங்கள். "இல்லஸ்ட்ரேட்டர் 90 விழுக்காடு" என்றால் எதில் 90 விழுக்காடு என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும், எதையும் அளக்காத ஒரு வரைபடத்தைத் தன் சொந்த ஆவணத்திலேயே வரைந்திருக்கும் வடிவமைப்பாளர், நாளை எங்கள் பயனருக்கும் அப்படித்தான் வரைவார் என்று எண்ண இடமாகிறது. மென்பொருள்களின் பெயர்களை ஒரே வரியில் எழுதினால் போதும்.

ஆனால் நெடுங்கணக்கு அவர்களிடம் ஓரளவு மாறுபடுகிறேன். நான் நிறுவனச் சின்னம் போன்ற அடையாள வடிவமைப்பிலும் இதழ் வடிவமைப்பிலும் இருப்பவன். எங்கள் பக்கத்தில் படம்தான் முதலில் பேச வேண்டும். எழுதிக் குவிக்கச் சொன்னதன் விளைவை இன்று எல்லாத் தொகுப்புகளிலும் காண்கிறேன்: சுவரில் ஒட்டிய வண்ணத்தாள்களின் புகைப்படம், சிரித்த முகத்தோடு ஒரு கற்பனைப் பயனர், வடிவமைப்பின் கட்டங்களை இரண்டு வைர வடிவங்களாகக் காட்டி பிரிட்டனின் டிசைன் கவுன்சில் பரப்பிய இரட்டை வைர வரைபடம், பிறகு அவற்றுக்கும் இறுதித் திரைக்கும் என்ன தொடர்பு என்றே சொல்லாமல் இறுதித் திரை. செய்முறையை விளக்குவதாகச் சொல்லிக்கொண்டு செய்முறையின் பெயர்களை மட்டும் அடுக்கும் பழக்கம் இது. ஒருவரின் தொகுப்பில் பெயரை மாற்றினால் அது இன்னொருவரின் தொகுப்பாகிவிடுகிறது. இதற்கு, நல்ல படங்களை மட்டும் வைத்து ஒதுங்கி நிற்பதே மேல்.

நெடுங்கணக்கு:

ஓரவெளி சொல்லும் குறை உண்மையானது. அதை நானும் ஒவ்வொரு முறையும் காண்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு எழுத்தை நீக்குவது அன்று என்று கருதுகிறேன். வண்ணத்தாள் புகைப்படம் எனக்கு எதையும் சொல்வதில்லை. அந்தத் தாள்களில் ஒன்றில் எழுதியிருந்த எந்தச் செய்தி உங்கள் வடிவமைப்பை மாற்றியது என்ற ஒரே வாக்கியம் எனக்கு நிறையச் சொல்லும். மாற்றவில்லை என்றால் அந்தப் புகைப்படத்துக்கு அங்கே இடமில்லை. அடையாள வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பிப்பவர் படத்தை முன்னிறுத்த வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மைத்துளி விண்ணப்பிப்பது இடைமுகப் பணிக்கு. அங்கே அவர் அன்றாடம் செய்யப்போவது, பொறியாளரிடமும் தயாரிப்பு மேலாளரிடமும் தன் முடிவுகளை விளக்கி நிலைநாட்டுவதே.

மைத்துளி:

அனைவருக்கும் நன்றி. கேட்டபடியே மருந்துப் பெட்டியின் பின்னணியை எழுதுகிறேன்.

மருந்தகங்களில் பெட்டிகளை அடுக்கும்போது பெரும்பாலும் முன்பக்கம் தெரியாது. மூடும் மடிப்பு இருக்கும் சிறிய பக்கம் மட்டுமே வெளியே தெரியும். பழைய பெட்டியில் அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் இருந்தது, அளவு இல்லை. அதனால் 250-ஐயும் 500-ஐயும் வேறுபடுத்த ஒவ்வொரு பெட்டியையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நான் ஒரு மருந்தகத்தில் சிறிது நேரம் நின்று இதைப் பார்த்தேன். எனவே சின்னத்தைச் சுருக்கி, இரு மடிப்புகளிலும் அளவை இட்டேன். சந்தைப்படுத்தல் பிரிவினர் இதை விரும்பவில்லை. இரண்டு மாதிரிகளையும் மடித்து ஒட்டி, அலமாரியில் அடுக்கிக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பெட்டி அச்சான பிறகு, மருந்து நிரப்பும் இடத்தில் தனியாக அச்சிடப்படுகின்றன. பெட்டி முழுவதும் வார்னிஷ் பூசினால் அந்த மை சரியாக ஒட்டாது, தேய்த்தால் அழியும். ஆகவே அந்த இடத்தை வார்னிஷ் இல்லாமல் விட வேண்டும். முன்பு அந்த இடம் அடர்நீலப் பின்னணியில் இருந்ததால், கறுப்பு மையில் அடித்த தேதி கண்ணுக்கே தெரியவில்லை. நான் அந்த இடத்தை வெள்ளையாக்கி, அதற்கேற்ப மற்ற வரிகளை நகர்த்தினேன். நிறத் தேர்வு என்னுடையது அன்று. அதை எங்கள் கலை இயக்குநர் முடிவு செய்தார்.

இதையெல்லாம் இடைமுகப் பணிக்கு ஆள் எடுப்பவர் படிக்க விரும்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

நெடுங்கணக்கு:

நண்பரே, இந்த இரண்டு பத்திகளைப் படித்திருந்தால் உங்களை அன்றே நேர்காணலுக்கு அழைத்திருப்பேன். பயன்படுத்தும் இடத்துக்குச் சென்று பார்த்திருக்கிறீர்கள். மக்கள் தடுமாறும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எதிர்ப்பு வந்தபோது வாதத்தை மாதிரியால் நடத்தியிருக்கிறீர்கள். இனிமேல்தான் வந்து சேரப்போகும் தகவலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னது இடைமுக வடிவமைப்பாளர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல். பயனரின் பெயர் எவ்வளவு நீளமாக வரும், பட்டியல் காலியாக இருந்தால் திரை எப்படித் தெரியும், பிழைச் செய்தி எங்கே தோன்றும் என்று யோசிக்காமல் திரை வரைபவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். நீங்கள் அந்தச் சிந்தனையை அட்டைப்பெட்டியில் செய்து முடித்திருக்கிறீர்கள். ஆகவே அச்சுப் பணிகளை நீக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். மருந்துப் பெட்டி, முன்பதிவுச் செயலி, ஆண்டறிக்கைகளில் அட்டவணைகள் மிகுந்த ஒன்று, கையேடுகளில் ஒன்று என நான்கு பணிகள் போதும். பலவீனமான பணி ஒன்று இருந்தால், உங்கள் தரத்தை அதைக் கொண்டே மதிப்பிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

"நிறத் தேர்வு என்னுடையது அன்று" என்ற வாக்கியத்தைக் கட்டாயம் வைத்திருங்கள். தொகுப்புகளில் எல்லாவற்றையும் "நான்" என்று எழுதுபவர்களையும், எல்லாவற்றையும் "நாங்கள்" என்று எழுதுபவர்களையும் நேர்காணலில் பிரித்தறியவே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. தன் பங்கின் எல்லையைத் தானே சொல்பவர், எல்லைக்கு உட்பட்டதைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம் என்ற எண்ணம் உடனே பிறக்கிறது. புகைப்படம் எடுத்தவர், ஓவியம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியோரின் பங்கையும் அதே இடத்தில் குறிப்பிடுங்கள்.

ஓரவெளி:

இப்போது மைத்துளி எழுதியதைப் படித்த பிறகு, என் மாறுபாட்டைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். இதில் செய்முறைப் பெயர் ஒன்றுகூட இல்லை. நடந்தது மட்டுமே இருக்கிறது. இப்படி எழுத முடிந்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தின் முதல் படம் மாற வேண்டும். ஸ்டுடியோ வெளிச்சத்தில் பளபளக்கும் மாக்கப் (மாதிரித் தோற்றப்) படத்தை எடுத்துவிட்டு, பழைய பெட்டிகளின் அடுக்கையும் புதிய பெட்டிகளின் அடுக்கையும் சிறிய பக்கம் மட்டும் தெரியும்படி அருகருகே வையுங்கள். அந்த ஒரே படம் உங்கள் முதல் பத்தியை முழுவதும் சொல்லிவிடும். எழுத்து அதற்குத் துணையாக நிற்கும்.

புதுவரி:

நான் இறுதியாண்டு வடிவமைப்பு மாணவி. வேலை அனுபவம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் எதைக் காட்டுவது? புகழ்பெற்ற செயலி ஒன்றை நானாக மறுவடிவமைப்புச் செய்து தொகுப்பில் வைத்திருக்கிறேன். அது பயனற்றது என்று சில மூத்தவர்கள் சொல்கிறார்கள். மேலும், முடிவில் எண்களைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். என்னிடம் எண்கள் எதுவும் இல்லை.

சாய்கோடு:

மறுவடிவமைப்பு பயனற்றது என்பதே என் கருத்தும். பெரிய செயலிகளின் ஒவ்வொரு திரைக்கும் பின்னால் வெளியிலிருந்து காண முடியாத காரணங்கள் உண்டு: விளம்பர வருவாய், சட்டத் தேவைகள், பழைய கைப்பேசிகளில் வேகம், ஏற்கெனவே பழகிய கோடிக்கணக்கானோர். அவை எதையும் கணக்கில் கொள்ளாமல் நிறத்தையும் இடைவெளியையும் மாற்றிவிட்டு "மேம்படுத்தினேன்" என்று எழுதுவது, கட்டுப்பாடுகள் இல்லாத இடத்தில் மட்டுமே வேலை செய்யத் தெரிந்தவர் என்ற எண்ணத்தைத் தரும். இதைவிட, உங்கள் கல்லூரியின் நூலகத்தில் புத்தகம் புதுப்பிக்கும் படிவத்தையோ, மாணவர் அமைப்பின் நிகழ்ச்சிப் பதிவையோ எடுத்துச் செய்யுங்கள். சிறியதாக இருந்தாலும் உண்மையான மனிதர்கள் பயன்படுத்துவார்கள், மறுத்துப் பேசுவார்கள்.

நெடுங்கணக்கு:

சாய்கோடு சொல்வது பெரிதும் சரியே என்றாலும், முற்றிலும் விலக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். செயலி முழுவதையும் தொடாமல், ஒரே ஒரு தடையை எடுத்துக்கொண்டு, அதைச் சிலர் பயன்படுத்தும்போது உடனிருந்து கவனித்து, "வெளியிலிருந்து பார்ப்பவள் என்பதால் இன்னின்ன காரணங்கள் எனக்குத் தெரியா" என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்திருந்தால், அத்தகைய பணியை நான் மதிப்புடன் படிப்பேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அணுகல்தன்மை இதற்கு நல்ல களம். இணையதளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு விகிதமும், பெரிய எழுத்துக்கு 3:1 விகிதமும் ஏஏ எனப்படும் இடைநிலைத் தரத்துக்குத் தேவை. இவை எவரும் அளந்து பார்க்கக்கூடியவை. ஒரு திரையை அளந்து, தவறும் இடத்தைக் காட்டி, நிறுவனத்தின் அடையாள நிறம் கெடாமல் எப்படிச் சரிசெய்யலாம் என்று காட்டினால் அது கற்பனைப் பணி ஆகாது. இதைப் படிக்கும் எல்லோரும் தங்கள் போர்ட்ஃபோலியோவையே முதலில் அளந்து பார்க்கலாம். வெளிர்சாம்பல் எழுத்தை அங்கேதான் மிகுதியாகக் காண்கிறேன்.

எண்களைப் பொறுத்தவரை, இல்லாததை எழுதவே கூடாது. "ஈடுபாடு 40 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதினால், எவ்வளவு காலத்தில், எதனோடு ஒப்பிட்டு, வேறு என்ன மாற்றங்கள் அப்போது நடந்தன என்று நான் கேட்பேன். இதற்கு விடை இல்லை என்றால் மற்ற பணிகளும் ஐயத்துக்கு உள்ளாகும். "ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், மூன்று பேர் பொத்தானைக் காணாமல் திரும்பிச் சென்றார்கள், இடம் மாற்றிய பிறகு ஐவரும் கண்டார்கள்" என்பது சிறிய செய்திதான், ஆனால் நீங்கள் கண்ணால் கண்டது. அதையும் செய்ய வாய்ப்பில்லாதபோது, வெளியான பிறகு எதை அளந்திருப்பீர்கள் என்று எழுதுங்கள்.

கட்டவரை:

எனக்கு வேறொரு சிக்கல். என் சிறந்த பணிகள் அனைத்தும் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்கான மென்பொருள்கள். வெளியே காட்ட முடியாது. கடவுச்சொல் இட்டு வைத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

தேர்வுமேசை:

கடவுச்சொல் உங்களுக்கு அனுமதி தருவதில்லை. பார்ப்பவர்களின் எண்ணிக்கையை மட்டுமே குறைக்கிறது. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், பிறகு முன்னாள் மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். குறிப்பிட்ட சில திரைகளை, தரவுகளை மாற்றிக் காட்ட இசைவதும் உண்டு. இசையவில்லை என்றால், திரை எதுவும் இல்லாமல் சிக்கலையும் உங்கள் பொறுப்பையும் பொதுவாக விவரியுங்கள். நேர்காணலில் ஒருவர் தன் முந்தைய நிறுவனத்தின் வெளியிடப்படாத திரைகளைத் தயக்கமின்றிக் காட்டும்போது, அங்கிருப்பவர்கள் ஆர்வத்தோடு பார்ப்பது போலத் தோன்றலாம். நாளை எங்கள் பொருளையும் இப்படித்தான் காட்டுவார் என்ற குறிப்பு அதே நேரத்தில் எழுதப்படுகிறது.

கடவுச்சொல் இடுவதாக இருந்தால் அதை விண்ணப்பத்திலேயே, இணைப்புக்கு அருகில் கொடுத்துவிடுங்கள். அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. ஃபிக்மா இணைப்பு அனுப்புபவர்கள், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் அதைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் எங்களுக்கும் அதுவே வரும். கைப்பேசியிலும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

புதுவரி:

பயனுள்ள பதில்களுக்கு மிக்க நன்றி. இன்னொரு ஐயம். சில நிறுவனங்கள் நேர்காணலுக்கு முன்பே வீட்டிலிருந்து செய்து அனுப்பும்படி ஒரு பணியைக் கொடுக்கின்றன. என் தோழிக்கு ஒரு நிறுவனம் அதன் சொந்தச் செயலிக்கே முகப்புத் திரையை வடிவமைத்து அனுப்பச் சொன்னதாம். செய்வதா, மறுப்பதா?

ஓரவெளி:

நிறுவனம் நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பணியை ஊதியமின்றிக் கேட்பது முறையன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களின் தொழில்முறை அமைப்பான ஏஐஜிஏ, ஊகத்தின்பேரில் இலவசமாக வேலை செய்து கொடுக்கும் வழக்கத்துக்கு எதிரான நிலைப்பாட்டை நெடுங்காலமாகக் கொண்டிருக்கிறது. ஆனால் வேலை தேவைப்படும் நிலையில் இருப்பவரிடம் "மறுத்துவிடு" என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதையும் அறிவேன். இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. "உங்கள் பொருளுக்குத் தொடர்பில்லாத ஒரு சிக்கலைத் தந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்து தருகிறேன், அல்லது நான் முன்பே செய்த பணியை உங்கள் முன் விரிவாக விளக்குகிறேன்" என்று பணிவோடு எழுதுங்கள். நல்ல நிறுவனங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்பதையும், மேலும் நேரமிருந்தால் எதைச் செய்திருப்பீர்கள் என்பதையும் அனுப்பும் கோப்பின் முதல் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

சாய்கோடு:

இன்று கேட்காமல் விடக்கூடாத ஒன்றைச் சேர்க்கிறேன். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களையும் எழுத்தையும் தொகுப்பில் பயன்படுத்தினால் எங்கே பயன்படுத்தினோம் என்று சொல்லிவிட வேண்டும். பயன்படுத்தியதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. மறைத்ததை நேர்காணலில் கண்டுபிடித்தால் மீள வழியில்லை. "இந்த ஓவியத்தின் முதல் வரைவை எப்படிப் போட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும்.

மைத்துளி:

நீங்கள் அனைவரும் சொன்னபடி தொகுப்பை நான்கு பணிகளாகக் குறைத்து வருகிறேன். ரெஸ்யூமேயை ஒற்றைப் பத்திக்கு மாற்றி, ஒட்டிப் பார்த்துச் சோதித்துவிட்டேன். வரிசை சரியாக வருகிறது. இதற்கிடையே ஒரு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. 45 நிமிடம் என் பணிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார்கள். நான்கு பணிகளையும் அந்த நேரத்துக்குள் சொல்லிவிட முடியுமா?

முகப்புப் பக்க அறிமுகத்தையும் புதிதாக எழுதியிருக்கிறேன்: "வணக்கம். நான் பயனர் அனுபவத்தில் பேரார்வம் கொண்ட, நுணுக்கங்களில் கவனம் செலுத்தும், புதுமையான தீர்வுகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்." இது சரியாக இருக்கிறதா?

நெடுங்கணக்கு:

வாழ்த்துகள். 45 நிமிடத்துக்கு இரண்டு பணிகள் போதும். 30 நிமிடத்துக்குள் முடிக்கும்படி தயார் செய்துகொள்ளுங்கள், மீதி அவர்களின் கேள்விகளுக்கு. உங்களைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். ஒவ்வொரு பணியிலும் சிக்கலையும் முடிவையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசித் திரையைப் புதிர் போல மறைத்து வைத்துக் காத்திருக்கச் செய்வதால் கேட்பவரின் கவனம் கலைகிறதே தவிர வேறு பயனில்லை. முடிவு தெரிந்தபின், அங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை அவர்கள் நிதானமாகக் கேட்பார்கள். நீங்கள் கைவிட்ட மாதிரி ஒன்றையாவது காட்டுங்கள், ஏன் கைவிட்டீர்கள் என்பதோடு. மருந்துப் பெட்டியில் சந்தைப்படுத்தல் பிரிவினர் எதிர்த்த பகுதியைச் சொல்லும்போது அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லுங்கள்: சின்னம் பெரிதாக வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கும் காரணம் இருந்திருக்கும். உடன் பணியாற்றியவர்களைப் பற்றி நீங்கள் பேசும் விதத்தைக் கேட்பவர்கள் மிகக் கூர்ந்து கவனிப்பார்கள்.

இடையில் யாராவது குறுக்கிட்டுக் கேட்டால் "பின்னர் வருகிறேன்" என்று தள்ளாமல் அங்கேயே பதில் சொல்லுங்கள். விடை தெரியவில்லை என்றால், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் மடித்து ஒட்டிய பெட்டிகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரையில் பார்ப்பதைவிடக் கையில் வாங்கிப் பார்ப்பது அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

அறிமுகத்தைப் பொறுத்தவரை, அதில் உள்ள எந்தச் சொல்லும் உங்களுக்கு மட்டும் உரியது அன்று. "பேரார்வம் இல்லாத வடிவமைப்பாளர்" என்று எவரும் எழுதுவதில்லை, ஆகவே "பேரார்வம்" என்பது எதையும் தெரிவிக்கவில்லை. என்ன செய்கிறீர்கள், யாருக்காகச் செய்தீர்கள், எந்த வேலையைத் தேடுகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

மைத்துளி:

மீண்டும் எழுதினேன்: "தவறாகப் படித்தால் ஆபத்து விளையக்கூடிய தகவல்களை, தவறாகப் படிக்க முடியாதபடி ஒழுங்குபடுத்துவதே இதுவரை என் வேலை. மருந்துப் பெட்டிகளிலும் பயன்பாட்டுக் கையேடுகளிலும் அதைச் செய்திருக்கிறேன். அண்மையில் ஒரு முன்பதிவுச் செயலியிலும் செய்தேன். படிவங்களும் அட்டவணைகளும் நிறைந்த மென்பொருளை உருவாக்கும் குழுவில் சேர விரும்புகிறேன்."

நெடுங்கணக்கு:

மிக நன்று. "தவறாகப் படிக்க முடியாதபடி" என்பதை மட்டும் "தவறாகப் படிக்கும் வாய்ப்பு குறையும்படி" என்று மாற்றுங்கள். நேர்காணலில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு கேட்டால் உங்களால் நிறுவ முடியாது. முன்பதிவுச் செயலியின் பக்கத்தையும் எழுதி முடித்ததும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

தேர்வுமேசை:

ஒரு சிறு குறிப்பு மட்டும். கோப்பின் பெயர் இன்னும் "ரெஸ்யூமே இறுதி 3" என்றே இருக்கிறது. உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பொறுப்பையும் கோப்பின் பெயராக வையுங்கள். எங்கள் கோப்புறையில் "ரெஸ்யூமே இறுதி" என்ற பெயரில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.